ஈமெயில்ல வர்ற மாங்காய் ரேட்டைப் பட்டன் போனுக்கு எஸ்எம்எஸ்ஸா அனுப்பணும், 33 பேரோட நின்னுடுது. உதவி தேவை

காவேரிப்பட்டணம் தோப்பு:
வணக்கங்க. எங்க சுத்துப்பட்டு மாங்காய் விவசாயிங்க சேர்ந்து ஒரு குழு வச்சிருக்கோம். மெயில் பார்க்கிறது, கணக்கு எழுதுறது என் பொறுப்பு. சீசன்ல மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து அன்னிக்கு பெங்களூரா ரக மாங்காய் என்ன ரேட்டுன்னு காலை ஆறு மணிக்கு ஈமெயில் வந்துடும். வாட்ஸ்அப் இருக்கிறவங்களுக்கு உடனே போட்டுடறேன். மீதி 46 பேர் கையில பட்டன் போன்தான். ரேட் இறங்கினது தெரியாம ஆள் விட்டுப் பறிச்சிட்டா, பறிகூலியும் வண்டி வாடகையும் போக ஒண்ணும் மிஞ்சாது. போன சீசன்ல ரெண்டு பேர் லோடோட ஃபேக்டரி வாசல்ல நின்னப்போதான் ரேட்டே தெரிஞ்சுது. அதனாலதான் இவ்வளவு தூரம் கேட்கிறேன்.

அமெரிக்காவுல இருக்கிற எங்க சித்தப்பா பையன், மொபைல் நம்பருக்குப் பின்னாடி அட் குறி போட்டு சிம் கம்பெனியோட மெயில் முகவரி சேர்த்து மெயில் அனுப்பினா அது எஸ்எம்எஸ்ஸா போயிடும்னு சொன்னான். நெட்ல ஒரு பட்டியல் எடுத்து நம்ம ஊர் நம்பருக்கு அனுப்பினேன். எல்லாமே திரும்பி வந்துடுச்சு. முகவரி தப்பா, வேற ஏதாவது செட்டிங் இருக்கா?

ஓசூர் கோடிங்:
முகவரி தப்பில்லைங்க, அந்த வழியே இப்ப இல்லை. உங்க சித்தப்பா பையன் சொன்னது அமெரிக்காவுல ரொம்ப நாள் வேலை செஞ்சது. அங்கேயே ஏடி அண்ட் டி போன் கம்பெனி 2025 ஜூன் 17-ஓட நிறுத்திட்டாங்க. மெயில் அனுப்பக் காசு கிடையாது, அதனால விளம்பரக்காரங்க இந்த வழியில கொட்டித் தீர்த்தாங்க. நம்ம நாட்டுலயும் ஆரம்ப காலத்துல சில கம்பெனிகள் வச்சிருந்தாங்க. நீங்க பார்த்தது அந்தக் காலத்துப் பட்டியலாத்தான் இருக்கும்.

இப்ப இங்க கம்ப்யூட்டர்லேர்ந்து மொத்தமா எஸ்எம்எஸ் போகணும்னா டிராயோட (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2018 விதிமுறைப்படி டிஎல்டி-ல, அதாவது போன் கம்பெனிகள் வச்சிருக்கிற பதிவுத் தளத்துல, பதிவு பண்ணணும். அனுப்புறவர் பேர், என்ன வாசகம், எந்த இடத்துல எண் மாறும், எல்லாத்தையும் முன்னாடியே கொடுத்து ஒப்புதல் வாங்கணும். ஃபேக்டரி மனசு வச்சா அவங்க பேர்லயே இதைச் செய்யலாம், அதுதான் முறை. கேட்டுப் பாருங்க.

காவேரிப்பட்டணம் தோப்பு:
நன்றிங்க. கேட்டேன், அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம்னுட்டாங்க. இப்போதைக்கு என் சிம்லேர்ந்தே அனுப்பிப் பார்த்தேன். முதல் 33 பேருக்குப் போகுது, அதுக்கு மேல சிவப்புல ‘அனுப்பப்படவில்லை’ன்னு வருது. மூணு நாளா அதே 33. ரீசார்ஜ்ல தினம் 100 எஸ்எம்எஸ் உண்டுன்னு இருக்கு. 46 பேர்தானே? மெசேஜ் இதுதான்:

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். இன்று பெங்களூரா மாங்காய் கொள்முதல் விலை கிலோவுக்கு 18 ரூபாய். காலை 11 மணிக்குள் லோடு கொண்டு வரவும்.

பாலக்கோடு மொபைல் கடை:
அண்ணா, அந்த 33-லயே விடை இருக்கு. இங்கிலீஷ் எழுத்துன்னா ஒரு எஸ்எம்எஸ்ல 160 போகும். தமிழ்ல 70தான். அதைத் தாண்டினா துண்டு துண்டாப் பிரியும், துண்டுக்கு 67. நாம எண்ணுற மாதிரி போன் எண்ணாது, புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனித்தனி. ‘விலை’ நமக்கு ரெண்டு எழுத்து, போனுக்கு நாலு.

உங்க மெசேஜை உட்கார்ந்து எண்ணினேன். 135 வருது. ரெண்டு துண்டுக்கு 134தான் இடம். கடைசியா ‘வரவும்’ பக்கத்துல வச்சிருக்கிற முற்றுப்புள்ளி ஒண்ணுக்காக மூணாவது துண்டு போகுது. ஆளுக்கு மூணுன்னா 33 பேருக்கு 99. நூறு அங்கேயே முடிஞ்சுது. அதுக்கு மேல மெயின் பேலன்ஸ்ல காசு இருந்தாத்தான் போகும்.

வணக்கத்தை நேர்ல சொல்லிக்கலாம்ணா. இப்படிப் போடுங்க:

பெங்களூரா கிலோ 18. காலை 11 வரை லோடு.

36தான். ஆளுக்கு ஒண்ணு, மொத்தம் 46.

போச்சம்பள்ளி சந்தை:
மெயில் வந்ததும் போனே தானா எஸ்எம்எஸ் அனுப்புற மாதிரி மேக்ரோட்ராய்டு ஆப்ல செட் பண்ணலாமே? ஜிமெயில் நோட்டிஃபிகேஷனைப் பார்த்து அதுவே அனுப்பிடும்.

பாலக்கோடு மொபைல் கடை:
பண்ணலாம். ஆனா ரேட் விஷயத்துல நான் செஞ்சு தரமாட்டேன். ஃபேக்டரியில 18-க்கு 28-ன்னு தப்பா அடிச்சு, அஞ்சு நிமிஷத்துல திருத்தி இன்னொரு மெயில் போட்டா? அதுக்குள்ள ஒருத்தர் ஏணியை எடுத்துட்டுக் கிளம்பியிருப்பார். பறிச்ச காயைத் திரும்ப மரத்துல ஒட்ட முடியாது. ஒரு மனுஷன் படிச்சுப் பார்த்துட்டு அனுப்பட்டும்.

அண்ணா, மெயில் பார்க்கிற கம்ப்யூட்டர்லயே கூகுள் மெசேஜஸ் வெப் திறந்து, போன்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணிடுங்க. மெயில் ஒரு பக்கம், மெசேஜ் ஒரு பக்கம். ஊர்வாரியா மூணு குழுவாப் பிரிச்சுக்கோங்க. போன்ல மெசேஜஸ் ஆப் செட்டிங்ல ‘குழு மெசேஜ்’னு இருக்கும், அதுல எம்எம்எஸ் வேண்டாம், எல்லாருக்கும் தனித்தனி எஸ்எம்எஸ் போறதைத் தேர்ந்தெடுங்க. எம்எம்எஸ்ஸா போனா பட்டன் போன்ல திறக்காது.

ஓசூர் கோடிங்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். கேட்டுக்கிட்ட உறுப்பினர்களுக்கு மட்டும், ரேட் மட்டும் அனுப்புங்க. உரம், மருந்து விளம்பரம் அதுல நுழையவே கூடாது. 2025-ல விதியை இறுக்கிட்டாங்க. பத்து நாள்ல அஞ்சு பேர் 1909-ங்கிற புகார் எண்ல புகார் கொடுத்தாலே அந்த நம்பர் மேல நடவடிக்கை வரும்.

காவேரிப்பட்டணம் தோப்பு:
தம்பி, இன்னிக்கு 6:20-க்கு 46 பேருக்கும் போயிடுச்சு. சந்தூர், நாகரசம்பட்டி, எங்க ஊர்னு மூணு குழு. ஆனா எங்க மாமனார் போன்ல தமிழ் கட்டம் கட்டமா வருது. கட்டங்களுக்கு நடுவுல 18-ம் 11-ம் மட்டும் தெரியுது. அவரு அந்த ரெண்டு எண்ணைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டார். இன்னும் ஆறு பேருக்கு அப்படித்தானாம்.

பாலக்கோடு மொபைல் கடை:
அந்த ஏழு பேருக்கு மட்டும் நாலாவது குழு போட்டு, தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடிங்கண்ணா. 160 வரை இடம் இருக்கு. ரூபாய் குறி மட்டும் போட்டுடாதீங்க, அது ஒண்ணு வந்தாலே மொத்த மெசேஜும் 70 கணக்குக்கு மாறிடும், அவர் போன்ல அதுவும் கட்டமாத்தான் தெரியும்.

அப்புறம், சீசன் முடியற வரைக்கும் அந்த சிம்மை மாத்தாதீங்க. அதே நம்பருக்குப் புது சிம் மாத்திப் போட்டா முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகவும் போகாது, வரவும் வராது. அன்னிக்கு ஒருநாள் 46 பேருக்கும் நீங்க போன் போட்டுத்தான் சொல்லணும்.