நள்ளிரவு அலாரம்: உங்கள் அனுபவம் என்ன?

இரவுக்காவல்
மூன்று வாரம் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை. பையனுக்கு ஒன்பது வயது, டைப் 1 சர்க்கரை நோய். கையில் ஒட்டிய சென்சார் அவன் சர்க்கரை அளவை என் போனுக்கு அனுப்பும், ரொம்பக் குறைந்தால் அலாரம் அடிக்கும். இரவு 2.40க்கு என் போன் அலறியது. திரையில் சிவப்பாக 52. ஓடிப்போய் எழுப்பி, குளுக்கோஸ் மாத்திரைகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்தேன். கண்ணைத் திறக்காமல் மென்றபடியே, "நான் நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றான். நான் காதில் வாங்கவில்லை. நாலு மாத்திரை போன பிறகுதான் விரலில் குத்திப் பார்த்தேன். 118! சென்சார் இருந்த கை மேலேயே படுத்திருக்கிறான். தோலில் அதன் வட்டம் அப்படியே அழுந்திப் பதிந்திருந்தது. காலையில் 210. எண் தப்பானது கூடப் பரவாயில்லை. அவன் சொன்னதை விட்டுவிட்டுத் திரையை நம்பினேனே, அதுதான் உறுத்துகிறது.

மகளதிகாரம்
நீங்கள் செய்ததில் தப்பே இல்லை அக்கா. 210 இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அலாரமே அடிக்கவில்லை. முந்தின நாள் போன் அப்டேட் ஆனதில் ஆப்பின் நோட்டிஃபிகேஷன் அனுமதி போயிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தவன் சும்மா மகளின் கழுத்துக்குக் கீழே கை வைத்தேன். தலையணை வியர்வையில் நனைந்து கிடந்தது. குத்தினால் 46. அப்புறம் ஆப்பைத் திறந்தால், 1.10லிருந்தே கோடு 70க்குக் கீழே ஓடியிருக்கிறது. இரண்டு மணி நேரம். அந்த ஈரம் இன்னும் என் கையில் இருக்கிறது. பொய் அலாரம் பத்து வந்தாலும் எனக்குச் சம்மதம்.

நாலுவேளை ஊசி
என்னுடையது பகல் கதை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 280, திரையில் அம்பு மேலே, இன்னும் ஏறுகிறது என்று அர்த்தம். இன்சுலின் ஊசி போட்டேன். இறங்கவில்லை, மறுபடி போட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண் வரும்போது சும்மா இருக்க முடிவதில்லை. முதலில் போட்டதே நாலு மணி நேரம் வேலை செய்யும் என்பது தெரியாதா என்ன, தெரியும். அப்புறம் இரண்டு அம்பு கீழே. போனைப் பார்க்கிறேன், 4, 9 என்று எழுத்து தெரிகிறது. அது குறைவா அதிகமா என்று மட்டும் புரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்தான் என் பையைத் திறந்து குளுக்கோஸ் எடுத்துக் கொடுத்தார்.

வரைபடப்பிரியன்
மகளதிகாரம் சார், "பத்து பொய் அலாரம் சம்மதம்" என்பதை நான் ஏற்க மாட்டேன். என் அண்ணன் அப்படித்தான் கேட்டுக் கேட்டுப் பழகி, ஒருநாள் நிஜ அலாரத்தைத் தூக்கத்திலேயே அணைத்துவிட்டார். அண்ணி எழுந்ததால் தப்பித்தார்.

எல்லோருமே இதைக் கவனியுங்கள். சென்சார் ரத்தத்தைப் பார்ப்பதில்லை, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரைப் பார்க்கிறது. அதனால் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் அது ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்னால்தான் வரும். அந்த இடம் அழுந்தினால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, எண் திடீரென்று பள்ளத்தில் விழும். புரண்டு படுத்தால் தானாக ஏறிவிடும். சரிவாக இறங்குகிற கோடு வேறு, செங்குத்தாக விழுகிற கோடு வேறு. எண்ணும் உடம்பும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்துங்கள். குறைவு என்று சந்தேகம் இருந்து குத்த வழியில்லையா, முதலில் சர்க்கரையைக் கொடுங்கள். பெரியவர்களுக்கு 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு அளவு குறையும், டாக்டரிடம் கேட்டு எழுதி ஒட்டி வையுங்கள். ஆனால் கூப்பிட்டும் நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்து இருந்தால் கொடுத்துவிட்டு உடனே ஆம்புலன்ஸ்தான். போன் அப்டேட் ஆன அன்று அலாரம் அனுமதியைச் சரிபாருங்கள். ஊசி அண்ணா, உடம்பில் மிச்சம் இருக்கிற இன்சுலினைக் கழித்து டோஸ் சொல்லும் கால்குலேட்டர் இருக்கிறது, டாக்டரை வைத்து அமைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் துடிப்பதை விட 14 நாள் ரிப்போர்ட்டில் டைம் இன் ரேஞ்ச், அதாவது சர்க்கரை சரியான வரம்புக்குள் இருந்த நேரத்தைப் பாருங்கள். பொதுவாகப் பெரியவர்களுக்கு 70க்கும் 180க்கும் நடுவே 70 சதவீத நேரம் இருந்தால் நல்லது.

தனியறை
நான் தனியாக இருக்கிறேன். என் எண் அக்காவின் போனுக்கும் போகிறது. சென்சார் எண்ணைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் நைட்ஸ்கவுட் மென்பொருள் 2013இல் பிறந்ததே, ஒரு அப்பா வேலையிடத்திலிருந்து மகனின் சர்க்கரையைப் பார்க்க வழி தேடியதில்தான் என்பார்கள். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் போன மாதம் அக்கா போன் செய்து "எப்படி இருக்கே" என்று கேட்கவில்லை. எடுத்ததும், "என்னடி 240?" அன்றைக்கு எனக்கு வேலை போயிருந்தது. பகிர்வை அணைத்துவிட்டேன். நான்காம் நாள் நானே திரும்பப் போட்டேன், ராத்திரி பயமாக இருந்தது.

இரவுக்காவல்
வரைபடப்பிரியன், குத்தச் சொல்வது சரிதான். ஆனால் மீட்டர் எண்ணைக் காட்டும் முன் அந்த ஐந்து நொடி இருக்கிறதே... நேற்று 3.15க்கு மறுபடி அடித்தது, 61. இந்த முறை அவனிடம்தான் முதலில் கேட்டேன். "கை நடுங்குதும்மா" என்றான். குத்தினேன், 58. மாத்திரை கொடுத்து, 84 வரும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.