காலைச் செய்தியும் காஸ் வரிசையும்

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

2022 ஜூன் 14, செவ்வாய்

காலை 7:20
அம்மா: காஸ் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஆட்களை விடச் சிலிண்டர்கள்தான் கூட. சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். லொறி வரும் என்கிறார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டால் வானத்தைப் பார்க்கிறார்கள்.

நான்: சாப்பிட்டீர்களா?

அம்மா: பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தேன். றேடியோவும் இருக்கிறது.

லண்டன் சித்தி: றேடியோவைத் தூக்கிக்கொண்டா போனீர்கள் அக்கா?

அம்மா: நீ இன்னும் தூங்கவில்லையா? போனில்தான். ஹெட்செட் வயரைச் செருகினால்தான் எஃப்.எம். பிடிக்கும், டேட்டா போகாது. ஒரு காது எனக்கு, மற்றக் காது பின்னால் நிற்கும் ரீச்சருக்கு. செய்தியை வைத்துப் பகிடி விடுகிற இரண்டு பேர் காலையில் வருவார்களே, அவர்கள்தான். முன்னால் நிற்பவர்கள் "என்ன சொன்னார்கள், என்ன சொன்னார்கள்" என்று கேட்டபடி. அதனால் உரத்துத் திருப்பிச் சொல்கிறேன்.

தம்பி: அம்மா இப்போது மறு ஒலிபரப்பு நிலையம் 😂

லண்டன் சித்தி: இரவு டியூட்டி அக்கா. இங்கே மூன்று மணி ஆகப்போகிறது.

அம்மா: இன்றைக்கு விளையாட்டு. மூன்று செய்தி வாசிப்பார்கள், எது மெய் என்று நேயர் சொல்ல வேண்டும். நீங்களும் சொல்லுங்கள்.
ஒன்று: அரச ஊழியர்களுக்கு இனி வெள்ளிக்கிழமை லீவு, வீட்டில் மரக்கறி நட.
இரண்டு: ஈரானிடம் இலங்கை வாங்கிய எண்ணெய்க்கான கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பது.
மூன்று: பேப்பர் இல்லாததால் பேப்பரே சனிக்கிழமை அச்சாகாது.

தம்பி: மூன்றாவது மெய். "தி ஐலண்ட்", "திவயின" இரண்டும் மார்ச்சிலேயே சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்திவிட்டன.

மாமி: முதலாவது மெய். நேற்று அமைச்சரவை முடிவு என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்கிற எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் துள்ளிக்கொண்டு திரிகிறார். அவர் வீட்டில் பூச்சாடி வைக்கவும் இடமில்லை.

பெரிய மாமா: தேயிலை விஷயம் கட்டுக்கதை. எந்த நாடாவது எண்ணெய்க் கடனுக்குத் தேயிலையை வாங்கிக்கொள்ளுமா?

அம்மா: ஒரு நேயர் எடுத்து இரண்டாவது பொய் என்றுதான் சொன்னார் அண்ணை. "தோற்றுவிட்டீர்கள், மூன்றும் மெய். பொய் எழுத நாங்கள் இரவு முழுக்க முயன்றோம், இவற்றை விட நம்ப முடியாததாக எதுவும் வரவில்லை" என்கிறார்கள். வரிசை முழுக்கச் சிரிக்கிறது.

தம்பி: மாமா, தேயிலைக் கதை டிசம்பரில் வந்தது. 251 மில்லியன் டொலர் கடன், மாதம் 5 மில்லியன் பெறுமதியான தேயிலை என்று உடன்பாடு.

பெரிய மாமா: அப்படியானால் நாலு வருடத்துக்கு மேல் தேநீர் ஊற்ற வேண்டும். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

லண்டன் சித்தி: நான் 2019இல் வந்து போனபோது எல்லாம் நன்றாகத்தானே இருந்தது? இங்கே வேலை செய்கிற இடத்தில் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தம்பி: சித்தி, அந்த வருடக் கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்தில் இருந்து 8 ஆக்கினார்கள். பிறகு கொரோனா, சுற்றுலாக் காசு நின்றது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை, விளைச்சல் போனது. இந்த மார்ச்சில் ரூபாவின் பெறுமதியைச் சந்தையின் கையில் மிதக்க விட்டார்கள், இருநூறு சொச்சமாக இருந்த டொலர் இப்போது 360. ஏப்ரல் 12ஆம் திகதி, 51 பில்லியன் டொலர் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தாகிவிட்டது.

அம்மா: இதை அவர்கள் போன வாரம் ஒரே வரியில் சொன்னார்கள். "கடையில் எல்லாவற்றையும் மலிவாகக் கொடுத்துவிட்டு, கல்லாப்பெட்டியைத் திருடியது யார் என்று தேடுகிறோம்." இவன் வகுப்பெடுக்கிறான்.

லண்டன் சித்தி: ஏப்ரலில் மத்திய வங்கி ஆளுநர் வெளிநாட்டில் இருக்கிற எங்களிடம் டொலர் நன்கொடை கேட்டார். என் வீட்டுக்காரர் அதை வாசித்துவிட்டு, "உன் அண்ணை கல்யாணத்துக்குக் கேட்ட காசையே இன்னும் அனுப்பவில்லை" என்றார் 🙈

பெரிய மாமா: அது 1998. விடு.

காலை 8:05
பெரிய மாமா: ஒரு விஷயம் எழுத வேண்டும். நானும் இங்கே அந்த நிகழ்ச்சியைப் போட்டேன். சற்றுமுன் ஒரு பெண் பிள்ளை தொலைபேசியில் வந்து, இரண்டு நாள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றதாகச் சொன்னது. "எத்தனை கிலோ குறைந்தீர்கள், டிப்ஸ் சொல்லுங்கள்" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். மார்ச் மாதம் எரிபொருள் வரிசையில் நின்று எழுபது தாண்டிய மனிதர்கள் விழுந்து செத்தார்கள். பகிடிக்கு ஒரு அளவு வேண்டாமா? கொழும்பில் ஜெனரேட்டர் போட்டுக் குளிரறையில் இருந்து கதைப்பவர்களுக்கு எல்லாம் சிரிப்புத்தான்.

அம்மா: அண்ணை, நான் வரிசையில் நின்றுகொண்டுதான் சிரிக்கிறேன்.

பெரிய மாமா: உன்னைச் சொல்லவில்லை பிள்ளை.

அம்மா: தெரியும். அந்தக் கிலோப் பகிடி எனக்கும் பிடிக்கவில்லை, ரீச்சர் முகத்தைச் சுளித்துவிட்டுக் காதில் இருந்து எடுத்துவிட்டார். ஆனால் மற்றது எல்லாம் மேலே இருப்பவர்களைப் பார்த்துத்தானே சொல்கிறார்கள்? வெறும் செய்தியை மட்டும் கேட்டுக்கொண்டு இந்த வெயிலில் நிற்க என்னால் முடியாது.

நான்: மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. அமைச்சரைக் கேட்க வேண்டிய கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேட்டால் எப்படி?

மாமி: உங்கள் மாமா இப்போது நல்லவர் மாதிரி எழுதுகிறார். தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், இங்கே யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை, கறண்ட் ஐந்து வருடமாக இல்லை, பெற்றோல் இல்லை, சவர்க்காரம் இல்லை. மோட்டார் சைக்கிளுக்குக் காபரேட்டரில் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். அது விடுகிற புகைக்கு "அரசாங்க அறிக்கை" என்று பெயர் வைத்திருந்தார். ஊரே சொல்லும், "மாஸ்டர் அறிக்கை விட்டுக்கொண்டு போகிறார்" என்று.

தம்பி: 🤣🤣🤣 மாமா!

நான்: இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?

பெரிய மாமா: அது வேறு. புகை என்னுடையது, இருமலும் என்னுடையது.

மாமி: பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை. இவர் கேட்பார், சுற்றுவது நான். செய்தி பிடிக்காவிட்டால் நான் மெதுவாகச் சுற்றுவேன், வாசிப்பவர் குரல் கிணற்றுக்குள் போய்விடும்.

லண்டன் சித்தி: அண்ணி, அந்தக் காலத்தில் தணிக்கை அதிகாரி நீங்கள்தான்.

பெரிய மாமா: 2022இல் தெற்கு முழுவதும் ஜாம் போத்தல் விளக்குச் செய்யப் பழகுகிறது. திரி எப்படிப் போடுவது என்று முன்பு யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்போம்.

அம்மா: லொறி வரவில்லையாம். நாளைக்காம். சிலிண்டரைப் பூட்டிவிட்டு வருகிறேன்.

2022 ஜூன் 28, செவ்வாய்

காலை 6:50
தம்பி: அந்த நிகழ்ச்சியில் அறிவித்தல். இந்த வாரம் பொய்ச் செய்தியை நேயர்களே எழுதி அனுப்பலாமாம், நல்லதை வாசிப்பார்கள். நான் எழுதப் போகிறேன். வளாகத்தில் பஸ்ஸும் இல்லை, வேலையும் இல்லை.

அம்மா: படிப்பு?

தம்பி: வேலைக்குள் அதுவும் அடக்கம். முதலாவது: "அரச ஊழியர் ஐந்து வருடம் சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போய் உழைக்கலாம், அவர்களுடைய கதிரை இங்கே காத்திருக்கும்."

நான்: தோல்வி. போன வாரமே சுற்றறிக்கை வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் பாஸ்போர்ட் எடுக்க ஓடிவிட்டார்கள்.

தம்பி: ஐயோ. இரண்டாவது: "விமானங்கள் எண்ணெய் நிரப்பத் திருவனந்தபுரத்தில் இறங்குகின்றன."

லண்டன் சித்தி: இறங்குகின்றனவே!

தம்பி: மூன்றாவது: "டொலரை மிச்சம் பிடிக்கத் தூதரகங்களுக்குப் பூட்டு."

பெரிய மாமா: ஒஸ்லோ, பக்தாத், சிட்னி. பூட்டியாகிவிட்டது. பேப்பர் வாசி மோனே.

தம்பி: சரி, பைத்தியக்காரத்தனமாகவே எழுதுகிறேன். "தேங்காய் விலையை விளக்க அமைச்சர் தென்னை மரத்தில் ஏறி நின்று ஊடகச் சந்திப்பு நடத்தினார்."

அம்மா: அடேய், அது 2020. மரத்தில் ஏறியது நானே டிவியில் பார்த்தேன்.

தம்பி: "பெற்றோல் வரிசையில் நிற்பவர்களுக்கு இராணுவம் டோக்கன் கொடுக்கிறது. பெற்றோலுக்கு அல்ல, நிற்பதற்கு."

நான்: நேற்று. என் தோழியின் அப்பாவுக்குக் கிடைத்தது.

மாமி: பிள்ளைக்குக் கற்பனை போதாது.

தம்பி: மாமி, என் கற்பனைக்கு என்ன குறை? நாடுதான் எனக்கு முன்னாலேயே ஓடுகிறது. நான் பேனா எடுப்பதற்குள் அரச வர்த்தமானி அறிவித்தல் வந்துவிடுகிறது.

பெரிய மாமா: நான் ஒன்று சொல்லட்டுமா?

தம்பி: சொல்லுங்கள் மாமா.

பெரிய மாமா: "நாளை பெற்றோல் கப்பல் வருகிறது."

நான்: 😂😂😂

அம்மா: அண்ணை!! வரிசையில் நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

லண்டன் சித்தி: இதை அனுப்படா தம்பி. இதுதான் கலப்படமில்லாத பொய்.

தம்பி: அனுப்பிவிட்டேன், மாமாவின் பெயரில்லாமல், "கொக்குவிலில் இருந்து ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர்" என்று.

காலை 8:15
தம்பி: வாசிக்கிறார்கள்!! கேளுங்கள்!!

அம்மா: கேட்டேன். "கப்பல் வராததற்கு அமைச்சரே மன்னிப்புக் கேட்டிருக்கிறார், ஆசிரியர் ஐயா அதற்கும் மேலே போய்விட்டார்" என்று சொல்லி, நம் வீட்டுக் கல்யாணத்தில் போடுகிற மாதிரி நாதஸ்வரம் போட்டார்கள். அண்ணை, கேட்டீர்களா?

மாமி: கேட்டார். இரண்டாம் தரம் போடுவார்களா என்று கேட்கிறார்.

பெரிய மாமா: நான் அப்படிக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டார்களா என்றுதான் கேட்டேன்.

அம்மா: அதற்கு நான் அன்றே அவர்களுக்குக் குறுஞ்செய்தி போட்டேன் அண்ணை. வாசிக்கவில்லை. இன்று வரைக்கும் வாசிக்கவில்லை.

பெரிய மாமா: பார்த்தாயா.

நான்: பெற்றோல் 470 ஆகிவிட்டது, அதுவும் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தானாம், ஜூலை 10 வரை. நான் வேலைக்கு எப்படிப் போவது என்று யாராவது பகிடியில்லாமல் சொல்லுங்கள்.

மாமி: சைக்கிள் வாங்கு பிள்ளை. இப்போது அதன் விலையும் பகிடி மாதிரித்தான்.

2022 ஜூலை 10, ஞாயிறு

காலை 9:30
அம்மா: தம்பி எங்கே? போன் எடுக்கவில்லை.

தம்பி: இருக்கிறேன் அம்மா. கண்டியில்தான். கொழும்புப் போராட்டத்துக்குப் போன ரயிலில் ஏறவில்லை, சத்தியம். கூட்டாளிகள் போனார்கள்.

பெரிய மாமா: ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள், மெத்தையில் படுத்துப் படம் எடுக்கிறார்கள். ஒரு கோடியே எழுபத்தெட்டு லட்சம் ரூபா காசுக் கட்டு எடுத்து எண்ணிப் பொலிசிடம் கொடுத்தார்களாம்.

மாமி: எண்ணிக் கொடுத்தார்கள் பாருங்கள். அதுதான் செய்தி.

லண்டன் சித்தி: பிரதமரின் சொந்த வீடு எரிந்ததைப் பார்த்தீர்களா? அது எனக்குப் பிடிக்கவில்லை.

பெரிய மாமா: புத்தகங்கள் எரிந்ததாம். புத்தகம் எரிவதை இங்கே யாழ்ப்பாணத்தில் 1981இல் பார்த்தவன் நான். அதைப் பற்றி யார் பகிடி விட்டாலும் என்னால் சிரிக்க முடியாது.

அம்மா: இன்று அவர்களும் விடவில்லை அண்ணை. பாட்டு மட்டும் போகிறது.

2022 ஜூலை 15, வெள்ளி

காலை
நான்: ஜனாதிபதி கோட்டாபய முதலில் மாலைதீவு, பிறகு சிங்கப்பூர். அங்கிருந்து ராஜினாமாக் கடிதம் ஈமெயிலில். சபாநாயகர் சரிபார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டதாக அறிவித்திருக்கிறார்.

தம்பி: றேடியோவில் என்ன சொன்னார்கள்?

அம்மா: ஒன்றும் சேர்க்கவில்லை. அப்படியே வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒருவர் சொன்னார், "விளையாட்டுக் கிடையாது நேயர்களே, இது ஒன்றேதான், இதுவே மெய்."

பெரிய மாமா: சபாநாயகர் ஸ்பாம் பெட்டியிலும் ஒரு தரம் பார்க்க வேண்டும். இரண்டாவது கடிதம் "மன்னிக்கவும், தவறுதலாக அனுப்பிவிட்டேன்" என்று வந்திருக்கலாம்.

லண்டன் சித்தி: அண்ணையா இது?? 😂😂

மாமி: புகை திரும்ப வந்துவிட்டது.

தம்பி: மாமா, இதையும் அனுப்பட்டுமா?

பெரிய மாமா: அனுப்பு. இந்த முறை பெயரைப் போடு. அந்தக் கிலோ விஷயத்தையும் கீழே இரண்டு வரி எழுது, மரியாதையாக.

அம்மா: எழுது. நானும் ஒன்று போடுகிறேன். காஸ் லொறி நம் தெருவுக்கு வந்துவிட்டது, 4,910 ரூபா. சில்லறை யாரிடம் இருக்கிறது?

நான்: என் மேசை இழுப்பறையில் அம்மா. ஓடுங்கள், நான் சிலிண்டரோடு கீழே இறங்குகிறேன்.