எஃப்10 528ஐ: 20 அங்குல மேக் (அலாய் சக்கரம்), 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங். பின்சக்கரம் உரசுமா?

சாட்ஸ்வர்த்_528:

வணக்கம் அண்ணன்மாரே. கார் 2011 பிஎம்டபிள்யூ 528ஐ, எஃப்10. சாதாரண சஸ்பென்ஷன், எம் ஸ்போர்ட் இல்லை. மின்னணு டாம்பரும் (ஷாக்) கிடையாது. இப்போது இருப்பது 17 அங்குல மேக், 8 ஜே (ரிம் அகலம் 8 அங்குலம்), ஆஃப்செட் 30 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் 30 மி.மீ. தள்ளியிருக்கிறது), டயர் 225/55 ஆர்17 (அகலம் 225 மி.மீ., பக்கச் சுவர் அதில் 55 சதவீதம்), ரன்ஃப்ளாட் (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடுவது).

விலை பேசியிருக்கும் செட் இது: 20 அங்குலம், முன்னால் 8.5 ஜே ஆஃப்செட் 33, பின்னால் 10 ஜே ஆஃப்செட் 33. போல்ட் வட்டம் 5×120 (120 மி.மீ. வட்டத்தில் 5 போல்ட்), நடுத்துளை 74.1 மி.மீ. இதோடு 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கும் போட வேண்டும். விற்பவர் "நேராக ஏறும், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறார். 245/40 ஆர்20 டயர் நான்கு மலிவாகக் கிடைக்கிறது. அதையே போடலாமா? பின்னால் வீல் ஆர்ச்சில் இடிக்குமா? ஸ்பிரிங் மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

உம்கேனி_டயர்:

தம்பி, ஏறும். இறக்கிய பிறகு ஓடுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சக்கரம் ஹப்பில் (சக்கரத்தைப் பூட்டும் அச்சு முனை) ஒட்டும் முகத்திலிருந்து ரிம்மின் வெளி விளிம்பு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது அகலத்தில் பாதி கழித்தல் ஆஃப்செட். உள் விளிம்புக்குப் பாதி கூட்டல் ஆஃப்செட். உங்கள் 8 ஜே ரிம்மின் பாதி 101.6 மி.மீ. ஆகவே வெளியே 71.6, உள்ளே 131.6. வாங்கப்போகும் 10 ஜே ரிம்மின் பாதி 127. வெளியே 94, உள்ளே 160. அதாவது இப்போதைய சக்கரத்தைவிட 22 மி.மீ. வெளியேயும் 28 மி.மீ. உள்ளேயும் போகிறது.

உள்பக்கம் பயமில்லை. பிஎம்டபிள்யூவே இந்தக் காருக்குக் கொடுத்த 20 அங்குலப் பின்சக்கரம் 9 ஜே ஆஃப்செட் 44. அதன் உள் அளவு 158.3. உங்களுடையது அதைவிட 2 மி.மீ. கூட, அவ்வளவுதான். சிக்கல் வெளிப்பக்கம். கம்பெனிச் சக்கரம் வெளியே 70.3-இல் நிற்கிறது, உங்களுடையது 94. அந்த 24 மி.மீ. மட்கார்டின் மடிந்த விளிம்புக்கு நேர் கீழே வந்து நிற்கும்.

"தாழ்த்தினால் கேம்பர் கூடும், டயர் உள்ளே சாயும்" என்று யாராவது சொல்வார்கள். ஒரு டிகிரி சாய்ந்தால் இந்த அளவு டயரின் உச்சி உள்ளே போவது சுமார் 6 மி.மீ. 24-ஐ அதில் ஈடுகட்ட முடியாது. முன் ஜோடி நல்ல ஜோடி: வெளியே 3 மி.மீ., உள்ளே 9 மி.மீ. கூடுகிறது. தாராளமாகப் போடலாம்.

245/40 வேண்டவே வேண்டாம். உங்கள் இப்போதைய டயரின் முழு விட்டம் 679 மி.மீ. 245/40 ஆர்20 என்றால் 704. ஆரத்தில் 12 மி.மீ. பெரிது. காரை 30 இறக்குகிறீர்கள், டயர் 12 மேலே ஏறுகிறது, ஆர்ச்சில் 42 மி.மீ. போயிற்று. ஸ்பீடோமீட்டரும் 3.6 சதவீதம் பின்தங்கும். முன்னால் 245/35 ஆர்20 போடுங்கள், 679.5 வருகிறது. பின்னால் 275/30 ஆர்20, 673 வருகிறது. கம்பெனி ஜோடியும் அதுதான்.

மரிட்ஸ்பர்க்_பெஞ்ச்:

நடுத்துளையை ஒருவரும் கவனிக்கவில்லையே. எஃப்10 ஹப் 72.6. 74.1 என்பது எக்ஸ்5 அளவு, பழைய 5 சீரிஸ் இ39 அளவு. சுற்றிலும் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி விழும். சக்கரம் ஹப்பின் மேல் உட்காராமல் போல்ட்டில் தொங்கும். ஊருக்குள் தெரியாது, என்2 நெடுஞ்சாலையில் 100, 110 வந்ததும் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்ஸ் எத்தனை முறை பார்த்தாலும் போகாது. 74.1-க்கு 72.6 ஹப் ரிங் (இடைவெளியை நிரப்பும் வளையம்) நான்கு வாங்குங்கள். பிரேக் சூட்டுக்கு அலுமினியம் நல்லது, பிளாஸ்டிக் இளகும்.

இன்னொன்று: 5×120 என்று பார்த்து வோக்ஸ்வாகன் டி5 வேன் சக்கரத்தை வாங்காதீர்கள். அதன் துளை 65.1, ஹப்பில் நுழையவே நுழையாது.

போல்ட் எம்14 × 1.25, கூம்புத் தலை. முந்தைய 5 சீரிஸ் இ60-இன் போல்ட் எம்12 × 1.5, அது ஆகாது. மெர்சிடீஸ் போல்ட்டின் உட்காரும் முகம் உருண்டை. கூம்புக் குழியில் அதை முறுக்கினால் ஒரு கோட்டளவுதான் பிடிக்கும், பிறகு தானே தளரும். கையால் முறுக்கும்போது சுற்றை எண்ணுங்கள். 11 சுற்றுக்குக் குறைந்தால் போல்ட் குட்டை. 140 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச். மரைக்கு எண்ணெய் போடாதீர்கள், போட்டால் அதே 140-இல் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும். ஹப்பின் மேட்டில் மட்டும் கம்பி பிரஷ் போட்டு மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். டர்பன் கடல்காற்றில் அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கொண்டால் சுத்தியால்தான் கழற்ற முடியும்.

ரிம்மின் முதுகுப்பக்கம் கிலோ கணக்கில் சுமை எண் வார்த்திருக்கிறதா, ஜேடபிள்யூஎல் அல்லது விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஒன்றுமே இல்லாத நகல் மேக்கை நான் கையால் தொடமாட்டேன். டயரில் சுமை எண் 245/35-க்கு 95, 275/30-க்கு 97, இரண்டும் எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை). 95 என்றால் ஒரு டயருக்கு 690 கிலோ, 97 என்றால் 730. கதவுத் தூணில் இருக்கும் ஒட்டியில் பின் அச்சின் உச்ச எடையைப் பார்த்து இரண்டால் வகுத்துச் சரிபாருங்கள். புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்கு ஐந்து பேர் ஏறி, பூட்டில் (டிக்கியில்) பாத்திரமும் ஏற்றினால் சுமை முழுக்கப் பின்னால்தான்.

ஸ்பிரிங்_ஐயா:

ஸ்பிரிங் விஷயத்துக்கு வருகிறேன். கழற்றுவதற்கு முன்பே நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். டேங்க் நிறைய, சமதரையில். இந்த எண் இல்லாமல் பிறகு "ஒரு பக்கம் சாய்கிறது" என்றால் எதை வைத்துச் சொல்வது?

பழைய ஷாக் எண்ணெய் கசிந்திருந்தால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது பணத்துக்குக் கேடு. தாழ்த்திய காருக்கு நீளம் குறைந்த ஷாக் வேண்டும், பில்ஸ்டீனில் பி8 அதற்கென்றே செய்தது. பி6 கம்பெனி நீளம், ஏமாறாதீர்கள். பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுக்க அழுந்தாமல் தடுக்கும் ரப்பர்) ஸ்பிரிங் கிட்டின் தாளில் சொன்ன அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். வெட்டாமல் விட்டால் கார் எந்நேரமும் ரப்பரின் மேலேயே உட்கார்ந்து ஓடும், ஸ்பீட் ஹம்ப்பில் கட்டையால் அடித்தது போலிருக்கும்.

அதிகம் பேர் செய்யும் தப்பு இது: சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் புஷ் போல்ட்டை, கார் ஜாக்கில் தொங்கும்போதே இறுக முறுக்கிவிடுவார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சில மாதத்தில் கிழியும், கார் சரியான உயரத்துக்கும் இறங்காது. தொங்கும்போது கையிறுக்கம் மட்டும். காரின் எடை சக்கரத்தில் விழுந்த பிறகு கடைசி முறுக்கு. தானாகப் பூட்டும் நட்டும் அலுமினிய போல்ட்டும் திரும்பப் போடக்கூடாது, புதிது வாங்குங்கள். ஸ்பிரிங் கம்பிரஸரில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். இரண்டு கொக்கி மாட்டி அழுத்தும் மலிவுச் சாமான் நழுவினால் கை போகும்.

செனான் விளக்கு இருந்தால் சஸ்பென்ஷன் ஆர்மில் உயரம் பார்க்கும் சென்சரின் சிறு கம்பி மாட்டியிருக்கும். ஆர்மை இறக்கும் முன் அதைக் கழற்றிவிடுங்கள், உடைந்தால் விளக்கு தரையைப் பார்க்கும். வேலை முடிந்ததும் கணினியில் புது உயரத்தைப் பதிய வேண்டும்.

அலைன்மென்ட்டை அன்றே ஒருமுறை, ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் படிந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள். உள்விளிம்பு தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத் திட்டுவார்கள். டயரைத் தின்பது பெரும்பாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு). தாழ்த்தும்போது இரண்டும் மாறும், டோவைத்தான் முதலில் நேராக்க வேண்டும். இங்கே தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி டிரெட் குறைந்தது 1 மி.மீ., அதுவும் அகலம் முழுக்க. வெளியே நான்கு மி.மீ. இருந்து உள்ளே வழுக்கை விழுந்தாலும் ரோட்வர்த்தியில் (வாகனத் தகுதிச் சோதனையில்) தோல்விதான்.

சாட்ஸ்வர்த்_528:

நன்றி ஐயா. பின்னால் மட்கார்டு விளிம்பை மடக்கிவிட்டால் அந்த 10 ஜே ஓடாதா?

உம்கேனி_டயர்:

மடக்கலாம். சூடு காட்டாமல் உருட்டினால் பெயிண்ட் வெடிக்கும். வெடித்த இடத்தில் நம்ம ஊர்க் காற்றுக்கு ஒரே மழைக்காலத்தில் துரு. மடக்கினாலும் கிடைப்பது மடிப்பின் அகலம்தான், 24 மி.மீ. கிடையாது.

பணம் கொடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள். ஸ்பிரிங் இல்லாமல் ஸ்ட்ரட்டை (ஷாக் தண்டை) மட்டும் மாட்டி, டயர் போட்ட சக்கரத்தைப் பூட்டி, ஹப்பின் கீழ் ஜாக் வைத்துப் பம்ப் ஸ்டாப் அழுந்தும்வரை ஏற்றுங்கள். முன்னால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். இதற்கு வசதியில்லையா? பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை விளிம்பில் ஒட்டி, பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி ஹம்ப் தாண்டுங்கள். எங்கே நசுங்கியதோ அங்கே உரசும்.

பீனிக்ஸ்_19அங்குலம்:

எல்லாரும் 20-ஐ எப்படி நுழைப்பது என்றே பேசுகிறீர்கள். 19-இல் முன்னால் 245/40, பின்னால் 275/35 போட்டால் விட்டம் 679-உம் 675-உம் வருகிறது, பக்கச் சுவர் முன்னால் 98, பின்னால் 96 மி.மீ. 20-இன் பின்டயரில் 82.5 மட்டும். ஹிக்கின்சன் ஹைவேயில் மழைக்குப் பிறகு திறக்கும் குழியில் அந்த 14 மி.மீ.தான் ரிம்மைக் காப்பாற்றும். அதிலும் 30 சுவர் ரன்ஃப்ளாட் கல் மாதிரி, அடி நேராக ரிம்முக்குப் போகும். சாதாரண டயருக்கு மாறினால் ஒட்டும் திரவமும் சின்னக் கம்பிரஸரும் பூட்டில் இருக்கட்டும், இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. கம்பெனி ஜாக்கும் தாழ்த்திய காருக்கு அடியில் நுழைய மறுக்கலாம், காரை முதலில் பலகையில் ஏற்றுங்கள்.

20 வேண்டும் என்றே இருந்தால் முன் ஜோடியை வைத்துக்கொண்டு, பின்னுக்கு 9 ஜே ஆஃப்செட் 44 தேடுங்கள். விற்பவர் ஜோடியாகப் பிரித்துத் தரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், 5×120 சாமானுக்குப் பஞ்சமில்லை.

மரிட்ஸ்பர்க்_பெஞ்ச்:

பீனிக்ஸ் சொல்வது சரி. வரிசையை மட்டும் மாற்றுவேன்: முதலில் ஸ்பிரிங், படியட்டும், அளந்து பார்த்துப் பிறகு மேக். சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது கிளெய்ம் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சாட்ஸ்வர்த்_528:

பின் ஜோடியைப் பிரித்துத் தரமாட்டேன் என்றுவிட்டார். ஸ்பிரிங்கும் பி8 ஷாக்கும் முதலில். 19-இல் 8.5 ஜே ஆஃப்செட் 33-உம் 9 ஜே ஆஃப்செட் 44-உம், நடுத்துளை 72.6-ஆகவே, யாரிடமாவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.