பாங்காக், சைகோன், கே.எல்.: ஊர் சுற்றும்போது உங்களுக்கு நேரில் நடந்தது என்ன?

சென்னையிலிருந்து

பள்ளி விடுமுறையில் பாங்காக், ஹோ சி மின் சிட்டி, கோலாலம்பூர் மூன்றையும் சேர்த்துப் போகிறோம். கூட வருவது மனைவி, பத்தாவது படிக்கும் மகள், எழுபதைத் தாண்டிய அம்மா. என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்பதற்கு யூடியூபில் குறைவில்லை. எனக்கு வேண்டியது வேறு. டாக்சி, ரோடு, கைப்பை, பணம் இந்த நான்கிலும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். யாரோ சொல்லிக் கேட்டது வேண்டாம்.

கோவையிலிருந்து

பாங்காக் பற்றி நான் எழுதுகிறேன். மாமியாரோடு போனேன், அதனால் உங்கள் அம்மாவுக்கும் பொருந்தும்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் கீழே, முதல் தளத்தில், டாக்சிக்குச் சீட்டு தரும் மெஷின்கள் வரிசையாக இருக்கும். சீட்டில் எந்த எண் அச்சாகி வருகிறதோ அந்த எண்ணுள்ள தடத்தில் உங்கள் வண்டி நிற்கும். மீட்டர் காட்டுவதற்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணம், மேம்பாலத்தில் போனால் டோலும் நம் தலையில்தான். இவை முறைப்படி உள்ளவை, வாக்குவாதம் வேண்டாம். கவனிக்க வேண்டியது அந்தச் சீட்டை. பெட்டிகளை ஏற்றி முடித்ததும் எங்கள் டிரைவர் சீட்டுக்குத்தான் கை நீட்டினார். வண்டி விவரம் அதில்தான் இருக்கிறது, பிறகு புகார் செய்வதென்றால் அது கையில் இருக்க வேண்டும். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் மாமியார், "உனக்கு எதுக்குப்பா அது?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார். டிரைவர் சிரித்துவிட்டார். மீட்டர் போட்டு ஒழுங்காகத்தான் கொண்டுவந்து விட்டார்.

ஊருக்குள் வேறு கதை. ஓட்டல் வாசலிலும் இரவுச் சந்தை வாசலிலும் நின்றுகொண்டிருக்கும் டாக்சிகள் பெரும்பாலும் மீட்டர் போடாது. ஒருவர் எங்களிடம் 400 பாட் கேட்டார். கொஞ்ச தூரம் நடந்து மெயின் ரோட்டில் ஓடிவந்த டாக்சியைக் கை காட்டி நிறுத்தினோம், அதே ஓட்டலுக்கு நூறு சொச்சத்தில் போய்விட்டோம். ஓடுகிற வண்டிக்குச் சவாரி வேண்டும், நிற்கிற வண்டிக்கு ஏமாந்த ஆள் வேண்டும். கதவைத் திறந்து, உட்காராமல், "மீட்டர்?" என்று கேளுங்கள். தலையாட்டவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு அடுத்ததைப் பாருங்கள். அங்கே யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது அரண்மனை. கிராண்ட் பேலஸ் மதில் ஓரமாக நடக்கிறோம். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நல்ல ஆங்கிலம், ஐம்பது வயது ஆள். "இந்தியாவா? காலையில் மூடியிருக்கிறது, விசேஷ பூஜை. ஒரு மணிக்கு மேல் வாருங்கள். அதுவரை நிற்கும் புத்தரைப் பாருங்கள், டுக்டுக் 20 பாட்தான், அரசாங்க விலை." அவர் கை காட்டியதும் டுக்டுக் வந்து நின்றுவிட்டது. அந்த வேகத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். 20 பாட்டுக்கு அந்த ஊரில் யாரும் ஒரு மணி நேரம் சுற்றிக்காட்ட மாட்டார்கள். நடுவில் நகைக்கடை, கோட் தைக்கும் கடை என்று இறக்கிவிடுவார்கள், கடைக்காரர் டிரைவருக்குப் பெட்ரோல் கூப்பன் தருவார். கல் வாங்கி ஊருக்குக் கொண்டுபோய் விற்றால் இரட்டிப்பு லாபம் என்ற பேச்சும் அங்கேதான் ஆரம்பிக்கும். இந்தப் பழைய வித்தைக்கு இன்றைக்கும் ஆள் கிடைக்கிறது. நாங்கள் "சரி, நன்றி" என்று சொல்லி நேராக நடந்தோம். வாசல் திறந்தேதான் இருந்தது. காலை 8.30 மணிக்குத் திறந்து 3.30 வரை டிக்கெட் தருகிறார்கள், வெளிநாட்டவருக்கு 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவைக்குப் பிரச்சினையே இல்லை.

அம்மாவுக்கு நடை கஷ்டம் என்றால் படகில் தா சாங் படித்துறைக்கு வாருங்கள், அங்கிருந்து கிட்டத்தில். எம்.ஆர்.டி. மெட்ரோ ரயிலில் வந்தால் சனாம் சாய் ஸ்டேஷன், அங்கிருந்து வெயிலில் நல்ல நடை.

சைகோனிலிருந்து

ஹோ சி மின் சிட்டியில் வேலை பார்க்கிறேன். இங்கே எல்லோருக்கும் அது இன்னும் சைகோன்தான்.

கோவை அக்கா எழுதியது அத்தனையும் சரி. ஆனால் எல்லாம் பணத்தோடு போகிற விஷயம். ஏமாந்தால் முந்நூறு, நானூறு பாட் போகும், இரண்டு நாள் எரிச்சல் இருக்கும், அவ்வளவுதான். இந்த ஊர்களுக்கு வருகிறவர்கள் யாரிடம் ஏமாறுவோம் என்றே கவலைப்படுகிறார்கள், ரோட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என்னைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவர்களை நான் கூட்டிப்போய்க் கட்டுப்போட்டது எல்லாம் ரோட்டால்தான்.

முதலில் பக்கம். தாய்லாந்திலும் மலேசியாவிலும் நம் ஊர் மாதிரி வண்டி இடப்பக்கம் ஓடும். வியட்நாமில் வலப்பக்கம். பாங்காக்கிலிருந்து நேரே இங்கே வருகிறீர்கள், பிளாட்பாரத்திலிருந்து இறங்கும்போது பழக்கத்தில் தலை வலப்பக்கம் திரும்பும். வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். அப்பா வந்திருந்தபோது முதல் இரண்டு நாளும் அவர் இடது கையை விடாமல் பிடித்துக்கொண்டேதான் நடந்தேன்.

அப்புறம் ரோட்டைக் கடப்பது. சிக்னல் இல்லாத இடத்தில் பைக் கூட்டம் நிற்கவே நிற்காது, இடைவெளி வரும் என்று காத்திருந்தால் சாயங்காலம் ஆகிவிடும். ஒரே வேகத்தில், மெதுவாக, நேராக நடக்க வேண்டும். நீங்கள் அடுத்த நொடி எங்கே இருப்பீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அவர்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஓடினாலோ, பயந்து ஓரடி பின்வாங்கினாலோ அந்தக் கணக்கு தப்பிவிடும். என் அத்தை பாதி ரோட்டில் நின்று திரும்பி ஓடப் பார்த்தார். பின்னால் வந்த பெண் பிரேக் அடித்து, பைக் சறுக்கி, அவளுக்குத்தான் முழங்கை சிராய்த்தது. பைக்குக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. கார், பஸ் வந்தால் வழிவிடுங்கள், அவை உங்களைச் சுற்றிப் போகாது. அம்மாவோடு என்றால் உள்ளூர் ஆள் யாராவது கடக்கும்வரை நின்று, அவர்களுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போங்கள். தயங்குவதைப் பார்த்துக் கடைக் காவலாளிகளே வந்து கை பிடித்துக் கடத்திவிடுவார்கள், பல முறை பார்த்திருக்கிறேன்.

போன் பறிப்பு. ஊர் நடுவே, டிஸ்ட்ரிக்ட் 1 என்ற பகுதியில், பிளாட்பார விளிம்பில் நின்று, வரப்போகும் காரின் எண்ணைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார் என் சக ஊழியர். பைக்கில் இருவர். பின்னால் இருந்தவன் கையை நீட்டியது மட்டும்தான் தெரிந்தது. சத்தம்கூட இல்லை. போனைக் கையில் வைத்திருப்பதில் தப்பில்லை, நிற்கும் இடம்தான் தப்பு. கடை வாசலுக்குள் போய், சுவரில் முதுகு சாய்த்து நின்று மேப் பாருங்கள். கார் வந்து நின்ற பிறகு வெளியே வாருங்கள்.

பையைக் குறுக்கே மாட்டச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் மாட்டுகிறேன், ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. பைக்கில் வந்து வாரைப் பிடித்து இழுத்தால் வார் அறுவதற்கு முன் ஆள் விழுந்துவிடுவார். அம்மாவிடம் பையே கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் ஓட்டல் லாக்கரில், பணம் இரண்டு பேரிடம் பிரித்து. இழுத்தால் விட்டுவிட வேண்டும் என்று மகளிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வியட்நாம் பணமான டாங் நோட்டு பற்றி ஒன்று. 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். மங்கலான டாக்சியில் மாற்றிக் கொடுத்தால் இருபத்தைந்து மடங்கு. ஐந்து லட்சம் நோட்டைத் தனியாக மடித்து வேறு பாக்கெட்டில் வையுங்கள்.

விமான நிலைய வாசலில், கிராப் என்ற டாக்சி ஆப்பின் டிரைவர்கள் மாதிரி பச்சைச் சட்டை போட்டு, உங்கள் புக்கிங் தான்தான் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். ஆப்பில் காட்டும் நம்பர் பிளேட்டோடு வண்டி பொருந்தவில்லை என்றால் சட்டை என்ன நிறமாக இருந்தால் என்ன? பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில், ட்ருவாங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, செட்டியார்கள் காலத்தது. அம்மாவைக் கூட்டிப்போங்கள். 2024 டிசம்பர் 22 அன்று திறந்த மெட்ரோவும் பென் தானிலிருந்துதான் புறப்படுகிறது. ஏ.சி., சுத்தம், பைக் தொல்லை இல்லை.

கோலாலம்பூரிலிருந்து

சைகோன் அண்ணன் சொன்ன வார் விஷயம் இங்கேயும் அப்படியே. என் அக்காவைப் பைக்கில் வந்தவன் இழுத்ததில் தோள்பட்டை இறங்கிப் போனது. கே.எல்.லில் வண்டி எதிரே வருகிற பக்கமாக நடங்கள், பை கடைப் பக்கத் தோளில் இருக்கட்டும். பின்னாலிருந்து வருகிற பைக்தான் பிரச்சினை.

கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் கே.எல். சென்ட்ரலுக்கு 28 நிமிடம், ஆளுக்கு 55 ரிங்கிட். நாலு பேர், பெட்டி எல்லாம் இருந்தால் ஆப்பில் கார் போடுவதுதான் மலிவு. ரோட்டில் நிற்கும் டாக்சியில் ஏறி மீட்டர் கேட்டு மல்லுக்கட்டுவதை நாங்களே விட்டுவிட்டோம். கே.டி.எம். கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் 2010லிருந்து பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு, பிங்க் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பத்துமலைக்கு அந்த ரயிலில்தான் போவீர்கள், அம்மாவும் அக்காவும் பாப்பாவும் அதில் ஏறட்டும், நீங்கள் பக்கத்துப் பெட்டியில் வாருங்கள்.

இன்னொன்று, சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. இங்கே மஸ்ஜித் ஜாமேக் பக்கம், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நம் தமிழிலேயே ஆள் வந்து பேசுவார். "அண்ணே, தமிழ்நாடா? எந்த ஊர்?" என்று ஆரம்பித்து, பர்ஸ் தொலைந்துவிட்டது, ஈப்போவுக்குப் பஸ் காசு வேண்டும் என்று வந்து நிற்கும். அதே ஆளை அதே ஈப்போ கதையோடு நான் வேறொரு நாளும் பார்த்தேன், என்னிடமே மறுபடி கேட்டார். மற்றபடி, தமிழில் வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டும் ஆட்கள்தான் இங்கே அதிகம். நீங்களாகப் போய் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரிடமோ பூக்கடை அக்காவிடமோ கேளுங்கள்.

நடைபாதையைப் பார்த்து நடங்கள். உடைந்த கல், மூடி இல்லாத சாக்கடை எல்லாம் உண்டு. 2024 ஆகஸ்டில் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதையே உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது யார் கையிலும் இல்லாத விஷயம், தினம் நடப்பதும் இல்லை. ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே நடப்பதை விடலாம்.

மதுரையிலிருந்து

நான் தனியாகப் பயணம் செய்யும் பெண். சுருக்கமாக: கம்போடியாவின் புனோம் பென்னில் டுக்டுக்கிலேயே பை பறிப்பார்கள். வண்டி போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்தில் பைக் ஒட்டி வரும். என் டிரைவரே வண்டியை நிறுத்தி, மடியில் இருந்த பையை எடுத்துக் காலடியில் வைக்கச் சொன்னார். சில வண்டிகளில் பக்கவாட்டில் வலை கட்டியிருக்கிறார்கள், அதைப் பார்த்து ஏறலாம். ஜகார்த்தாவில் டிரான்ஸ்ஜகார்த்தா பஸ்ஸின் முன்பகுதி பெண்களுக்கு. கண்டக்டர் ஆண்களைப் பின்னால் போகச் சொல்லி அனுப்பியதை நானே பார்த்தேன்.

சென்னையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. கோவை அக்கா, முந்தானை யோசனையை அம்மாவிடம் சொன்னேன், இப்போதே பயிற்சி எடுக்கிறார். ஒரு சந்தேகம். வியட்நாமில் ஸ்கூட்டர் வாடகைக்கு மலிவு என்கிறார்களே? என்னிடம் இன்டர்நேஷனல் லைசென்ஸ் இருக்கிறது.

சைகோனிலிருந்து

வேண்டாம் சார். நம் ஆர்.டி.ஓ. தரும் இன்டர்நேஷனல் பர்மிட் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியான பர்மிட்டை. வாடகைக் கடையில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள், சாவியைக் கொடுத்துவிடுவார்கள். விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் கேட்பார், செல்லாத லைசென்ஸில் ஓட்டியதாகச் சொல்லிக் கையை விரித்துவிடுவார். நீங்கள் எடுத்திருக்கும் பாலிசியில் டூவீலருக்கு விலக்கு இருக்கிறதா என்று இன்றைக்கே படித்துப் பாருங்கள். ஆப்பில் பைக் டாக்சி பிடித்தாலும் அந்த ஷரத்து பார்க்க வேண்டியதுதான், ஹெல்மெட் பட்டையும் மாட்டிக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு ஆப் காரே போதும், இங்கே அது அப்படி ஒன்றும் விலை இல்லை.

அவசர எண்கள்: இங்கே போலீஸ் 113, ஆம்புலன்ஸ் 115. தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள்.

கோலாலம்பூரிலிருந்து

இங்கே 999. பத்துமலைப் படியில் கையில் பாலித்தீன் பை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள், குரங்கு வந்து பிடுங்கும். அர்ச்சனைத் தட்டையும் மேலே போய் வாங்கிக்கொள்ளலாம். 272 படி, அம்மாவுக்கு முடியவில்லை என்றால் கீழேயும் சன்னதிகள் இருக்கின்றன.