ஆரிஜின்ஸ்ல நம்ம கையில இருந்த குழு வெய்ல்கார்டுல எங்க போச்சு?

தக்கலை_வில்லாளி:
மக்களே, டிராகன் ஏஜ்ங்கிற வீடியோ கேம் வரிசையப் பத்திப் பேச்ச எடுத்தாலே, அதச் செய்யுத கம்பெனிய வச்சு "பயோவேர் எல்லாத்தையும் எளிமையாக்கிட்டாவ"ன்னு ஒரே புலம்பல். எனக்கு அதுல சம்மதம் இல்ல. எளிமை ஒரு குத்தமே இல்ல. 2009 நவம்பர்ல வந்த முதல் ஆட்டம் ஆரிஜின்ஸ்ல குழுவுல உள்ள 4 பேரும் நம்ம சொல்லுக்கு நடந்தாவ. 2024 அக்டோபர் 31ல வந்த நாலாவது ஆட்டம் வெய்ல்கார்டுல கூட வாற 2 பேருக்கு ஹெல்த்தே கிடையாது. அடிச்சாலும் விழ மாட்டாவ, அவங்க உடம்புக்குள்ள நாம போயி ஆடவும் முடியாது. அதாக்கும் என் கொதிப்பு.

பழச ஆடாதவங்களுக்குச் சொல்லுதேன். ஆரிஜின்ஸ்ல ஒவ்வொருத்தருக்கும் டாக்டிக்ஸ்னு ஒரு பக்கம் உண்டு. இடது பக்கம் நிபந்தனை, வலது பக்கம் செயல். "தன் ஹெல்த் 25%க்குக் கீழ: மருந்து குடி." "கூட்டாளி ஹெல்த் 50%க்குக் கீழ: ஹீல் போடு." மேலேருந்து கீழ படிச்சிட்டு வரும், எந்த வரி முதல்ல பொருந்துதோ அத மட்டும் செய்யும். புதுசா ஆடுதவன் "பக்கத்து எதிரி: அடி"ங்கிறத முதல் வரியிலயே வச்சிருவான். எதிரி கண்ணுல படுத வரைக்கும் அந்த வரி பொருந்திட்டே கெடக்கும், கீழ உள்ள ஹீல் வரிக்கு முறையே வராது. குணப்படுத்துத கூட்டாளி வின் மானாவ (மந்திர சக்திய) நிறைய வச்சிகிட்டு கோலால பொறி விட்டுட்டு நிப்பா, முன்ன நின்னு அடி வாங்குத அலிஸ்டர் தரையில கெடப்பான். அந்த ஒத்த வரியக் கடைசிக்கு இறக்கிப் பாருங்க, அதே குழு அதே சண்டையில ஜெயிக்கும். விரல் வேகத்துக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல. சண்டைக்கு முன்னாலயே யோசிச்சவனுக்குக் கூலி கிடைக்கும். வெய்ல்கார்டுல அந்தக் கூலி எங்க?

மட்டிப்பழம்:
வெய்ல்கார்டுன்னு தமிழ்ல எழுதினா ஏதோ குடைக் கம்பெனி பேரு மாதிரி இருக்கு ஓய்.

குளச்சல்_நங்கூரம்:
அண்ணே, டாக்டிக்ஸ் பக்கம் அழகுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த ஆட்டத்துல அது தேவைப்பட்டது எத்தன எடத்துல? நம்ம நாயகன் வார்டன மேஜா (மந்திரவாதியா) எடுத்து, மேஜ் கூட்டாளிங்க மாரிகனையும் வின்னையும் சேத்துக்கிட்டா 3 மேஜ். கோன் ஆஃப் கோல்டுல உறைய வச்சு, ஸ்டோன்ஃபிஸ்ட்டால உடைச்சா முடிஞ்சுது. இன்னும் மேல போனா மந்திர பலத்தக் கூட்டுத ஸ்பெல் மைட்டைப் போட்டுகிட்டு பனிப்புயல் பிளிஸர்டும் மின்னல்புயல் டெம்பஸ்டும் ஒரே அறைக்குள்ள விட்டு, கதவுக்கு வெளிய நிக்கலாம். உள்ள என்ன இருந்தாலும் செத்துரும். உம்ம பேரு வில்லாளி, அந்த ஆட்டத்துல வில்லு பட்ட பாட்ட நான் சொல்லவா?

இன்னொண்ணு. மேலேருந்து குனிஞ்சு பாக்குத கேமரா பிசியில மட்டுந்தான் இருந்துது. எக்ஸ்பாக்ஸ் 360லயும் பிஎஸ்3லயும் அது கிடையாது, தோளுக்குப் பின்னால நின்னுதான் ஆடணும். அதனால "நிறுத்தி யோசிச்சு ஆடுத ஆட்டம்" என்கிற வாக்கு முதல் நாள்லயே பாதிப் பேருக்கு அரைகுறையாத்தான் கிடைச்சுது. பின்னால வந்தவங்க கேம்பேட் பிடிச்சு ஆடுதவனுக்கு ஒழுங்கா ஒண்ணு செஞ்சு குடுப்போம்னு போனாவ. அது துரோகமா?

தக்கலை_வில்லாளி:
3 மேஜ் வச்சு உடைக்கலாம்ங்கிறது பேலன்ஸ் கோளாறு. மேஜோட பலத்தக் குறைச்சாத் தீரும். கொசு கடிச்சதுக்கு வீட்டையே இடிச்சாவன்னு சொல்லுதேன்.

கருங்கல்_மேஜ்:
ரெண்டு பேரும் நடுவுல ஒரு ஆட்டத்த விட்டுட்டீங்க. டாக்டிக்ஸ் பக்கம் காணாமப் போனது 2014ல வந்த மூணாவது ஆட்டம் இன்குவிசிஷன்லதான், ஆனா அதோட அர்த்தம் செத்தது 2011 மார்ச்ல வந்த ரெண்டாவது ஆட்டத்துலயே.

டிராகன் ஏஜ் 2ல டாக்டிக்ஸ் அப்படியே இருந்தது, நல்லாவும் இருந்தது. எதிரியைத் தள்ளுறதுக்கு பிரிட்டில், ஸ்டேகர், டிஸ்ஓரியன்ட் என்று மூணு நிலை. மேஜ் ஒருத்தன பிரிட்டில் ஆக்கினா வாரியரோ (போர்வீரன்) ரோகோ (கள்ளன் வகை) வந்து அதை உடைக்கணும். ஒரு வகுப்பு இன்னொரு வகுப்புக்குப் பந்து எடுத்துப் போடுற மாதிரி. அப்ப என்ன கெட்டுச்சு? எதிரி வர்ற விதம். முதல் கூட்டத்த அடிச்சு முடிக்கிறப்ப அடுத்த கூட்டம் கூரையில இருந்து குதிக்கும். மேஜைப் பின்னால பத்திரமா நிறுத்தியிருப்பீங்க, குதிக்கிறது அவன் தலையிலதான். எங்கிருந்து வருவான்னு தெரியாத சண்டையில நிறுத்துற இடத்துக்கு மதிப்பு இல்ல. இடத்துக்கு மதிப்பு போனா முன்யோசனைக்கும் மதிப்பு போச்சு.

ஃபிரண்ட்லி ஃபயரும், அதாவது நம்ம அடி நம்ம ஆளுக்கே விழுறதும், அப்படித்தான். ஆரிஜின்ஸ்ல நார்மல் கடினநிலையில பாதி சேதம், ஹார்டுலயும் நைட்மேர்லயும் முழுச் சேதம் நம்ம ஆளுக்கும் விழும். ஃபயர்பால் போடும் முன்னால அலிஸ்டர் எங்க நிக்கிறான்னு பார்த்தே ஆகணும். 2ல அது நைட்மேருக்கு மட்டும் ஒதுங்கிடுச்சு. மத்தபடி கண்ண மூடிகிட்டு எரிக்கலாம்.

ஆரிஜின்ஸுக்கும் 2க்கும் இடைவெளி 16 மாசம்தான். அதுக்கு சாட்சி குகைகள். ஒரே குகையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து, சில வாசல மட்டும் கல்லு வச்சு அடைச்சிருப்பாங்க. மினிமேப்ல மட்டும் அடைச்ச பாதையும் சேர்ந்து முழுக் குகையும் தெரியும்! மேப்பையாவது மாத்தியிருக்கலாம்.

இருந்தாலும் நட்பு, போட்டி என்ற அளவுகோலை அவங்க செஞ்ச மாதிரி பிறகு யாரும் செய்யல. கூட்டாளிக்கு நம்மள பிடிக்காமப் போனாலும் போட்டிப் பக்கம் முழுசாப் போனா அதுக்கும் தனி பலன் உண்டு. எல்லாரையும் தாஜா பண்ணி பரிசு குடுத்துகிட்டுத் திரிய வேண்டாம்.

மட்டிப்பழம்:
அவியல்ல காய் கொறஞ்சு போச்சுன்னு ஒருத்தரு, தேங்கா கூடிப்போச்சுன்னு இன்னொருத்தரு. இலை போட்டு உக்காந்தவன் எதத் திங்க? இன்குவிசிஷன் எப்படி, அதச் சொல்லுங்க.

கருங்கல்_மேஜ்:
இன்குவிசிஷன் 2014ல தி கேம் அவார்ட்ஸ்ல ஆண்டின் சிறந்த ஆட்டம். அதனால இதைத் திட்டினா அடிக்க வருவாங்க. எஞ்சின் ஃப்ராஸ்ட்பைட், பேட்டில்ஃபீல்டு மாதிரி சுடுற ஆட்டத்துக்காக டைஸ் ஸ்டூடியோக்காரங்க செஞ்சது. ஆர்பிஜிக்கு (பாத்திரம் ஏத்து ஆடுற ஆட்டத்துக்கு) வேண்டிய இன்வென்டரி (பொருள் பை), சேவ் எல்லாம் அதுமேல புதுசாக் கட்ட வேண்டி வந்தது. அதோட பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360லயும் ஓடணும்.

சண்டைக்கு வாங்க. நிபந்தனை வரிகள் போச்சு. ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் மூணே நிலை: பயன்படுத்து, பயன்படுத்தாதே, விருப்பமாப் பயன்படுத்து. எத்தனை ஸ்கில் கத்துகிட்டாலும் சண்டையில 8 தான். ஹீலிங் மந்திரமே கிடையாது. குழு முழுக்க சேர்த்து ஆரம்பத்துல 8 மருந்துக் குப்பி. அதுக்குப் பதிலா அடியைத் தாங்குற பாரியரும் கார்டும். இந்த மாத்தம் எனக்குப் பிடிச்சிருந்தது. அடி வாங்கின பிறகு சரிபண்ணுறதை விட்டுட்டு, வாங்குறதுக்கு முன்னால தடு என்கிறாங்க. ஆனா பாரியர் தானாவே கரையும். அதைச் சரியான நொடியில போட டாக்டிக்ஸ் வரி வேணும், அதைத்தான் எடுத்துட்டாங்க. ஏஐ சண்டை தொடங்கினதும் யாரும் அடிபடுறதுக்கு முன்னாலயே பாரியரை வீணடிச்சிடும். நைட்மேர்ல ஆடுறவங்க "பயன்படுத்தாதே"ன்னு போட்டு கையாலதான் போடணும். டாக்டிக்கல் கேமரா திரும்ப வந்தது. குகைக்குள்ள போனா கூரையில முட்டிகிட்டு தரையைக் காட்டும்.

குளச்சல்_நங்கூரம்:
நீங்க சொன்னதுலயே என் பதில் இருக்கு. இன்குவிசிஷன் அரையும் குறையுமா ரெண்டு பக்கமும் கால் வச்சுது. வெய்ல்கார்டு ஒரு பக்கமா எறங்கிட்டு. நாயகன் ரூக்குக்கு 3 ஸ்கில், கூட வாற ஒவ்வொருத்தருக்கும் கத்துக்கிட்ட 5ல 3. ஆக 9, அல்டிமேட்டுங்கிற பெரிய அடி தனி. அந்த 9க்குள்ள ஒருத்தன் எதிரிய வீக்கன்டு, சண்டர்டு, ஓவர்வெல்ம்டு இந்த மூணுல ஒண்ணாக்கணும், அதுக்கேத்த ஸ்கில் உள்ள இன்னொருத்தன் வெடிக்க வைக்கணும். ஜோடி சேராத ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போனா வெடியே வராது, சண்டை ஜவ்வா இழுக்கும். அப்ப யாரக் கூட்டிட்டுப் போறோம், எந்த மூண வைக்கோம்ங்கிறதே முன்யோசனைதானே? ஸ்கில் வீல் திறந்தா ஆட்டம் நிக்கவும் செய்யுது.

அன்பவுண்டுன்னு ஒரு கடினநிலை இருக்கு. எதிரி ஹெல்த், சேதம், பாரி (அடியத் தட்டிவிடுத) நேரம் எல்லாம் தனித்தனியா மாத்திக்கிடலாம். எதிரி ஹெல்த்தக் குறைச்சு, சேதத்தக் கூட்டி ஆடிப் பாரும். நிறையப் பேரு வெறுத்துப் போறது எதிரி ஸ்பாஞ்சு மாதிரி அடிய உறிஞ்சுததாலதான்.

தக்கலை_வில்லாளி:
அந்தக் கடைசி யோசனை கொள்ளாம். எடுத்துக்கிடுதேன்.

ஆனா நீரே சொல்லிட்டீரு பாரும், "9". எனக்கு 9 பட்டன் இருக்கு, 3 ஆளு இல்ல. கூட்டாளி லூகானிஸ் எனக்கு 3 பட்டன். அவன் செத்துருவானோன்னு பதறி ஓட வேண்டிய நொடி ஒண்ணுகூட இல்ல. ஆரிஜின்ஸ்ல விழுந்தவன் சண்டை முடிஞ்சு எந்திச்சு வருவான், ஆனா காயத்தோட வருவான். அவன் பலம் குறையும், இஞ்சுரி கிட் போடணும், இல்ல முகாமுக்குத் திரும்பணும், அப்பத்தான் ஆறும். டீப் ரோட்ஸ்ங்கிற பாதாளப் பாதையில கிட் தீந்துட்டுன்னா அடுத்த கதவத் தொறக்கவே கை நடுங்கும். குழுன்னா அதாக்கும்.

முன் கதையும் பாருங்க. ஆரிஜின்ஸ் சேவ 2க்குக் கொண்டு போனோம். இன்குவிசிஷனுக்குக் கீப்புன்னு ஒரு இணையதளமே வச்சு, யாரு அரசன், யாரு செத்தான்னு குறிச்சுக் கொண்டு வந்தோம். வெய்ல்கார்டு கேக்குறது மூணே கேள்வி: முந்தின ஆட்டத்து நாயகன் இன்குவிசிட்டர் யார காதலிச்சான், இன்குவிசிஷனக் கலைச்சானா, பழைய கூட்டாளி சோலாஸ என்ன செய்வேன்னு சொன்னான். மூணும் ஒரே ஆட்டத்துலருந்து. ஆரிஜின்ஸ் கேள்வி ஒண்ணுகூட இல்ல.

குளச்சல்_நங்கூரம்:
அதுல எனக்கும் வருத்தம் உண்டு, மறைக்கல. கதை வடக்க உள்ள டெவின்டர் நாட்டுப் பக்கம் போனதால தெற்கத்திய முடிவுகள் அங்க எட்டாதுன்னு சாக்கு சொல்லலாம். சாக்குதான்.

ஆனா விளைவே இல்லன்னு சொல்லாதேயும். டிரெவிசோவா மின்ராதஸான்னு கேக்குத இடத்துல எத விட்டோமோ அந்த ஊரு கெட்டுப் போவுது, அந்த ஊருக்காரக் கூட்டாளி இறுகிப் போறாரு. கடைசிப் பணியில யாரு பிழைப்பாங்கிறது அவங்க சொந்தக் கதைய முடிச்சு வச்சமா, கட்சிகளோட பலம் எவ்வளவு, யார எந்த வேலைக்கு அனுப்பினோம்ங்கிறதப் பொறுத்து. பயோவேரோட இன்னொரு ஆட்டம் மாஸ் எஃபெக்ட் 2ல வாற தற்கொலைப் பணியோட அதே கணக்கு. சண்டையில சாகாதவன் அங்க சாவான்.

கருங்கல்_மேஜ்:
அந்தக் கடைசி மூணு மணி நேரம் போல முழு ஆட்டமும் இருந்திருந்தா இந்த இழையே வந்திருக்காது.

ஏன் இப்படி ஆச்சுங்கிறதுக்கு வரலாறு இருக்கு. இந்த ஆட்டம் முதல்ல ஒத்த ஆள் ஆட்டமாத் தொடங்கி, நடுவுல ஆன்லைன் மல்டிபிளேயரா மாறி, பயோவேரோட ஆன்லைன் ஆட்டம் ஆன்தம் 2019ல விழுந்த பிறகு திரும்ப ஒத்த ஆள் ஆட்டமா ஆச்சு. கூட்டாளி சாகாம இருக்கிறதும், ஒருத்தருக்கு மூணு ஸ்கில்லும் அந்த நடுக்காலத்து எச்சமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். என் ஊகம்தான். முடிவு என்னமோ 2025 ஜனவரியில பயோவேரோட தாய்க் கம்பெனி ஈஏவே சொன்னது: அந்தக் காலாண்டுல சுமார் 15 லட்சம் பேர் ஆடினாங்க, எதிர்பார்த்ததுல ஏறக்குறைய பாதிதான்.

தக்கலை_வில்லாளி:
2023ல பால்டர்ஸ் கேட் 3 வந்து, 4 பேரையும் கையில குடுத்து, அதுவும் முறை போட்டு ஆட வச்சு, பேட்லயும் ஓட்டிக் காட்டிட்டு. பேட்ல இது நடக்காதுங்கிற வாதம் அன்னைக்கே முடிஞ்சுது.

குளச்சல்_நங்கூரம்:
அதச் செஞ்ச லேரியன் கம்பெனி அத 2020 அக்டோபர்லருந்து எர்லி ஆக்செஸ்ல (முடிக்கும் முன்னாலயே ஆடக் குடுத்து) வச்சு 3 வருசம் கிட்ட ஊர்க்காரன் வாயால திருத்தினாவ. அந்தப் பொறுமை ஈஏவுக்கு இருக்குமா? கேக்க வேண்டிய ஆள் அங்க இருக்கு. சும்மா டிசைனரப் போட்டு அடிக்காதேயும்.

ஆரல்வாய்மொழி_காத்தாடி:
சண்டையப் பாத்து எவனாவது இப்ப ஆரிஜின்ஸ் வாங்கினா, இதச் செய்யுங்க. அல்டிமேட் எடிஷன் எடுங்க, கூடுதல் கதை அவேக்கனிங் சேர்ந்து வரும். 32 பிட் ஆட்டம், மெமரி தின்னு தின்னு டெனரிம் சந்தையில போய் விழும். 4 ஜிபி பேட்ச மெயின் எக்ஸி ஃபைல் மேல போடுங்க, டெக்ஸ்சர மீடியத்துல வைங்க. தொடங்கவே மாட்டேன்னா பழைய ஃபிஸ்எக்ஸ் லெகசிய நிறுவணும். டிஎல்சி (கூடுதல் பகுதி) அனுமதி இல்லன்னு சேவ் திறக்காட்டா, விண்டோஸ் சர்வீசஸ்ல கன்டென்ட் அப்டேட்டர் சர்வீஸ் ஓடுதான்னு பாருங்க. ஆட்டோசேவ் எப்பவாவதுதான் விழும். நம்ம பக்கத்து மழைக்குக் கரண்டு எப்பப் போகும்னு தெரியாது, ஒவ்வொரு கதவுக்கும் எஃப்5 அடிச்சு சேவ் பண்ணுங்க. ஃபேட்ங்கிற கனவுலகப் பகுதி ரெண்டாந்தடவ ஆடுதவனுக்குத் தலைவலி, அதத் தாண்ட ஆடுதவங்களே செஞ்ச மாட் இருக்கு. முதல் தடவ தாண்டாதீங்க.

மட்டிப்பழம்:
செரி, வாங்கியாச்சு. வார்டன் வாரியர், கூட அலிஸ்டர், மாரிகன், வின். வின்னுக்கு வரி எப்படிப் போட?

தக்கலை_வில்லாளி:
1: தன் ஹெல்த் 25%க்குக் கீழ, மருந்து. 2: கூட்டாளி 50%க்குக் கீழ, ஹீல். 3: தன் மானா 25%க்குக் கீழ, லைரியம் (மானா மருந்து). 4: பக்கத்து எதிரி, அடி. அடி எப்பவும் கடைசி. வரி இடம் பத்தலன்னா காம்பாட் டாக்டிக்ஸ் ஸ்கில்ல ஏத்தும்.

குளச்சல்_நங்கூரம்:
மாரிகனுக்கு ஃபயர்பால் வரி மட்டும் வைக்காதேயும் மக்கா. நார்மல்ல ஆடினாலும் அலிஸ்டர் பாதி வெந்துருவான். அத கையால போடும்.