மறு: மீடியல், லேட்டரல் – தமிழில் எப்படி?

குழுவினருக்கு வணக்கம். உடற்கூற்றியலில் உடலின் நடுக்கோட்டை ஒட்டிய பக்கம் மீடியல், அதிலிருந்து தள்ளிய பக்கம் லேட்டரல். இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும்போது குழுவில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> மீடியலுக்கு ‘உட்புற’, லேட்டரலுக்கு ‘வெளிப்புற’ போதுமே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, கணுக்கால், தொடை வரைக்கும் நீங்கள் சொல்வது ஓடிவிடும். கையில்தான் வம்பு. கைகளைத் தொங்கவிட்டுச் சும்மா நின்றால் உள்ளங்கை தொடையைப் பார்த்திருக்கும். உடற்கூற்றியல் நூல்கள் அந்த நிலையை எடுத்துக்கொள்வதில்லை. நிமிர்ந்து நின்று, உள்ளங்கையை முன்பக்கம் திருப்பிய நிலைதான் அங்கே கணக்கு. அதில் சுண்டுவிரல் உடலின் நடுக்கோட்டுப் பக்கம், கட்டைவிரல் வெளியே. விசைப்பலகையில் கை வைத்தால் எல்லாம் தலைகீழ். ‘கையின் உட்புறம்’ என்று எழுதினால் பலரும் உள்ளங்கை என்றே படிப்பார்கள்.

இன்டர்னலுக்கும் ‘உள்’ளைத்தான் ஏற்கெனவே செலவழித்திருக்கிறோம். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரிகிறதே, அதில் மண்டையோட்டுக்குள் போகும் கிளைக்கு இன்டர்னல் என்று பெயர். ஆனால் பிரியும் இடத்தில் அது வெளிக்கிளையைவிட நடுக்கோட்டிலிருந்து தள்ளித்தான் கிடக்கிறது. ‘உட்புறத் தமனி வெளிப்புறத்தில் உள்ளது’ என்று ஒரு மாணவன் எழுதினால் மதிப்பெண் போடுவதா, வெட்டுவதா?

> அப்போ ‘நடு’ என்றே வைத்துவிடலாமே?

நடுவில் இருப்பது வேறு, நடுவை ஒட்டி இருப்பது வேறு. மூக்குத்தண்டு நடுக்கோட்டிலேயே இருக்கிறது, அது மீடியன். கண்ணின் மூக்குப்பக்க முனை மீடியல். நடுவிரல் இரண்டுமில்லை, வரிசையில் இடைப்பட்டது, அவ்வளவுதான்.

பிராக்சிமல் (உறுப்பு தொடங்கும் இடத்துக்குக் கிட்டே), டிஸ்டல் (அதிலிருந்து தள்ளி) இரண்டுக்கும் நமக்குத் தொல்லை இல்லை. சிறுநீரகப் பாடத்தில் நுண்குழலுக்கு அண்மை, சேய்மை என்று போட்டாயிற்று. அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு என்று இலக்கணத்தில் படித்த சொற்கள், தானாக ஒட்டிக்கொண்டன. அவற்றின் பலமே ஒப்பீடுதான்: முழங்கை தோளுக்குச் சேய்மை, மணிக்கட்டோடு ஒப்பிட்டால் அண்மை. மீடியலுக்கும் அப்படி ஒப்பிட இடம் தரும் சொல் வேண்டும்.

என் முன்மொழிவு: நடுச்சார், ஓரச்சார். ‘சார்’ என்றால் பக்கம், பழந்தமிழிலேயே உள்ள பொருள். ‘இதயம் இடது நுரையீரலுக்கு நடுச்சாரில் உள்ளது’, ‘காது கண்ணுக்கு ஓரச்சாரில் உள்ளது’ என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. வகுப்பில் ‘நடுச்சார் வந்துட்டார்’ என்று நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சொல் மறக்காது.

எல்லா இடத்திலும் இதைத் திணிக்கவும் வேண்டாம். கண்ணின் வெளிமுனைக்குக் கடைக்கண் என்று நல்ல சொல் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். முன்கையில் ஆங்கிலத்திலேயே எலும்பின் பெயரால் அல்னார், ரேடியல் என்று சொல்லிக் குழப்பத்தைத் தவிர்க்கிறார்கள். நாம் சுண்டுவிரல் பக்கம், கட்டைவிரல் பக்கம் என்று சொல்லிவிடலாம். நோயாளிக்கும் புரியும், கை எப்படித் திரும்பியிருந்தாலும் பொருள் மாறாது.

பல் மருத்துவத்தில்தான் எனக்கு முட்டுகிறது. அங்கே மீசியல், டிஸ்டல் என்று இன்னொரு ஜோடி. பல்வரிசையின் வளைவு வழியே போய் நடுக்கோட்டை நோக்கும் முகம் மீசியல். முன்பல்லில் அது நடுச்சார்தான், தகராறில்லை. கடைவாய்ப்பல்லிலோ அந்த முகம் உதட்டுப் பக்கம், அதாவது முன்னோக்கி இருக்கிறது. நடுச்சார் என்றால் நாக்குப் பக்கத்து முகத்தைத்தான் நினைப்பார்கள். அங்குள்ள டிஸ்டலுக்குச் சேய்மையே போதும், வளைவு வழியாக அளந்தால் பொருந்துகிறது. அதற்கு எதிர்ச்சொல்லாக மீசியலுக்கும் அண்மையையே கொடுத்துவிடலாமா? குழுவில் உள்ள பல் மருத்துவர்கள் சொல்லுங்கள்.