சோமாலிலாந்து 1996 நினைவுத் தாள்: மேலே அடித்த எழுத்து அசலா?

கனகபுரம் பிரிண்டர்:

வணக்கம். கிளிநொச்சியில் போட்டோகொப்பி, லாமினேற்றிங் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே காசுத்தாள் சேர்க்கிற பைத்தியம். ஒரு வருடமாக அந்தப் பைத்தியம் ஒரே பக்கம் திரும்பிவிட்டது: உலகில் பெரும்பாலானோர் நாடென்று ஏற்காத இடங்கள் அடித்த காசு.

லண்டனில் இருக்கிற மச்சான் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது ஒரு தாள் கொண்டுவந்தார். கிழக்கு ஆபிரிக்காவில் சோமாலியாவிலிருந்து பிரிந்த சோமாலிலாந்தின் ஐந்து ஷில்லிங். முன்பக்கம் ஒரு கட்டடமும் முறுக்குக்கொம்பு மானும், பின்பக்கம் ஒட்டக வரிசை. இதே தாள் என்னிடம் ஏற்கெனவே உண்டு. ஆனால் இதில் சுதந்திரத்தின் ஐந்தாம் ஆண்டு, 18 மே 1996 என்று ஆங்கிலத்திலும் சோமாலியிலும் வெண்கல நிறத்தில் மேலே அடித்திருக்கிறது. வெள்ளி நிறத்திலும் வந்ததாம். அதை ஒருவர் எட்டுப் பவுணுக்குத் தருகிறேன் என்று மச்சானுக்குச் சொல்லியிருக்கிறார்.

என் சந்தேகம் என் தொழிலால் வந்தது. கலியாணக் கார்டுக்குத் தங்க எழுத்து அடிக்கிறவன் நான். மனம் வைத்தால் இப்படியொன்றை அரை மணித்தியாலத்தில் நானே அடிப்பேன். அப்படியென்றால் அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளியையும் வாங்கலாமா? இன்னொன்று, இங்கே மாரியில் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது. லாமினேட் செய்து வைக்கட்டா?

வவுனியா சில்லறை:

அங்கேயே சனம் கைபேசியில் 'ஸாட்' மூலம் காசு அனுப்பி மரக்கறி வாங்குகிறது. நீங்கள் அந்தத் தாளுக்கு இங்கிருந்து எட்டுப் பவுண் கொடுக்கப் போகிறீர்களா? எட்டுப் பவுணுக்கு முறிகண்டியில் எத்தனை சரை கச்சான் வரும் என்று கணக்குப் பாருங்கள்.

முறிகண்டி மாஸ்ரர்:

தம்பி, முதலில் அந்த லாமினேட்டரின் வயரைக் கழற்றுங்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு உரிக்க முடியாது. அதற்குப் பிறகு அது காசுத்தாள் இல்லை, அடையாள அட்டை.

கச்சான் கணக்குப் பார்த்தவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. என் மனைவி முப்பது வருடமாக அதே கணக்குத்தான் பார்க்கிறா.

உங்கள் சந்தேகம் சரியான சந்தேகம். இந்த வகைத் தாளில் கள்ளம் இருந்தால் அது மேலச்சில், அதாவது தாளுக்கு மேல் பிறகு அடித்த எழுத்தில்தான் இருக்கும், அடியில் இருக்கிற தாள் அசலாகவே இருக்கும். சோமாலிலாந்து 1991 மே 18 அன்று பிரிந்துவிட்டோம் என்று அறிவித்தது, 1994இல் சொந்த ஷில்லிங்கை விட்டது. அந்த ஐந்து ஷில்லிங், பத்து ஷில்லிங்குக்கு இன்று அங்கே ஒரு மிடறு தேத்தண்ணியும் வராது. டொலர் மாற்றுகிறவர்கள் தலைநகர் ஹர்கெய்சாவின் தெருவில் தாளைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடியில் இருக்கிற தாள் அவ்வளவு மலிவு என்றால், மேலே நாலு சொல் அடித்து விலையை ஏற்ற எவனுக்கும் ஆசை வரும்தானே.

முதலில் தாளில் அச்சிட்டிருக்கிற ஆண்டைப் பாருங்கள். 1996க்குப் பிந்தியது என்றால் மேற்கொண்டு பேச்சே இல்லை. பிறகு பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்று தேடுங்கள், மணிக்கூடு திருத்துகிறவரிடம் இருக்கும். வீட்டுப் பிரிண்டரில் அடித்த வெண்கல நிறம் கண்ணாடிக்குள் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளி புள்ளியாகச் சிதறும், சரித்துப் பிடித்தாலும் மினுங்காது. கலியாணக் கார்டு ஃபோயில் என்றால் என்னைவிட உங்களுக்குத் தெரியும், தாளுக்கு மேல் தோல் மாதிரிப் படிந்து விளிம்பு வெட்டியதுபோல் நிற்கும். உலோகத் தூள் கலந்த மை வேறு. சரிக்கச் சரிக்கப் பொடிப்பொடியாக மினுங்கும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் எழுத்தின் வடிவத்தையும் அது நிற்கிற இடத்தையும் காசுத்தாள் பட்டியல் புத்தகத்தில் இருக்கிற படத்தோடு ஒப்பிடாமல் வெள்ளிக்குக் காசு அனுப்ப வேண்டாம்.

வாங்கலாமா என்பது உங்கள் பொக்கெற். ஆனால் சனம் உண்மையில் செலவழித்த காசும் எங்களைப் போன்ற பைத்தியங்களுக்காக அடித்த காசும் ஒன்றில்லை. அசர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் தனிநாடு என்று அறிவித்திருந்த நகோர்னோ-கரபாக்கின் 2004 தாள்கள் என்னிடம் இருக்கின்றன. இரண்டு டிராமும் பத்து டிராமும், ஆஸ்திரியாவில் அடித்தது, பார்க்க அவ்வளவு அழகு. அங்கே கடையில் ஓடியதோ ஆர்மீனிய டிராம். 2023 செப்டெம்பரில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் சில நாட்களில் அந்த இடத்தை விட்டு வெளிக்கிட்டது. 2024 ஜனவரி 1உடன் அந்தக் குடியரசும் இல்லை. தாள் மட்டும் ஒரு மடிப்பும் இல்லாமல் என் வீட்டில் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கிற நேரமெல்லாம் எங்கள் யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாத்தளனில் நான் போட்டுவிட்டு வந்த றங்குப்பெட்டிதான் ஞாபகம் வரும். அதற்குள் நூற்றுப் பதினேழு தாள் இருந்தது.

தோற்றுப்போன இடத்துக் காசெல்லாம் அரிது என்றும் நினைக்க வேண்டாம். நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ரா 1968இல் அடித்த பவுண், 1970 ஜனவரியில் யுத்தம் முடிந்ததும் வெறும் கடதாசியாகக் குவிந்தது. அதனால் இன்றும் மலிவாகவே கிடைக்கிறது.

என்னைக் கேட்டால் அந்த எட்டுப் பவுணுக்கு மோல்டோவாவிலிருந்து பிரிந்த டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் பிளாஸ்ரிக் காசைத் தேடச் சொல்வேன். 2014இல் விட்டது. ஒரு ரூபிள் வட்டம், மூன்று சதுரம், ஐந்து ஐங்கோணம், பத்து அறுகோணம். கையில் எடுத்தால் கரம் காய் மாதிரி இருக்கும், ஆனால் காசு.

புதுக்குடியிருப்பு அக்கா:

மாஸ்ரர், ஒரு கேள்வி. தமிழீழக் காசுத்தாள் என்று இணையத்தில் படம் போட்டு விற்கிறார்களே, அது என்ன? நான் இங்கேயே இருந்தேன், ஒரு நாளும் கண்டதில்லை.

முறிகண்டி மாஸ்ரர்:

தங்கச்சி, நீங்கள் காணாதது சரி, இருந்தால்தானே காண்பதற்கு. புலிகள் 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகம் என்ற வங்கியில் நானே கணக்கு வைத்திருந்தேன். போட்டதும் எடுத்ததும் இலங்கை ரூபாதான். அதுவும் எப்படிப்பட்ட ரூபா! தெற்குக்குப் போகிற பாதை பூட்டியிருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பத்து ரூபாத் தாள்களில் பாதிக்குச் செலோரேப் முதுகெலும்பு. அம்மா சோற்றுப் பசையால் ஒட்டிக் கொடியில் காயப்போடுவா. இணையத்தில் விற்கிறது யாரோ கணினியில் வரைந்து அடித்தது. விருப்பமென்றால் சுவரில் மாட்டலாம், தொகுப்பில் வைக்காதீர்கள்.

நினைவுத் தாள் என்றால் எனக்கு வேறொரு கதை இருக்கிறது. யுத்தம் முடிந்ததன் நினைவாக 2009 நவம்பரில் மத்திய வங்கி ஒரு ஆயிரம் ரூபாத் தாள் விட்டது, ஒரு பக்கம் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, மறுபக்கம் படையினர் கொடி ஏற்றுகிற காட்சி. இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்த புதிதில், வவுனியா சந்தையில் இரண்டாயிரம் ரூபாத் தாளை மாற்றியபோது எனக்கு அது வந்தது. ஒரு தாள் என்றாலும் புதுத்தாள், சேகரிப்பவன் கை கூசாமல் வாங்கிவிட்டது. பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. அதை என் கையிலிருந்து எடுத்து நேரே மீன்காரனிடம் கொடுத்தா. அன்று விளைமீன் குழம்பு.

மூன்று வருடம் கழித்து அதே தாளைக் கொழும்பில் ஒரு கடையில் கூடுதல் காசு கொடுத்து வாங்கினேன். வீட்டில் இன்னும் தெரியாது. கரபாக் தாளுக்குப் பின்னால் இருக்கிறது.

கனகபுரம் பிரிண்டர்:

மாஸ்ரர், நன்றி. பக்கத்து மணிக்கூட்டுக் கடை அண்ணையிடம் கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். தாளில் 1994 என்றிருக்கிறது. புள்ளி இல்லை, தோலும் இல்லை. சரித்தால் பொடிப்பொடியாக மினுங்குகிறது. ஒரு எழுத்தின் விளிம்பில் மை கொஞ்சம் கசிந்து தாளின் பச்சைக் கோட்டுக்குள் போயிருக்கிறது, அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. என் மெஷின் அப்படிக் கசியவிடாது. மீதிப் பாதிக்குப் பட்டியல் படம் அனுப்பச் சொல்லி மச்சானுக்கு எழுதியிருக்கிறேன். வெள்ளி வேண்டாம், அந்தக் கரம் காய் நாலையும் பார்க்கச் சொன்னேன்.

லாமினேட் செய்யவில்லை, பயப்பட வேண்டாம். இப்போதைக்குக் கலியாண அல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

முறிகண்டி மாஸ்ரர்:

அல்பத்திலா? அந்தப் பசைத்தாள் அல்பமா? தம்பி, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள். இழுத்து உரிக்க வேண்டாம். ஓரத்தில் நூலைக் கொடுத்து மெல்ல மெல்ல அறுத்து எடுங்கள். எடுத்ததும் படம் போடுங்கள்.